பெருநாள் அலங்காரத்தைக் கடையிலேயே செய்வது எப்படி?

நோன்பின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம் வியாபாரச் சகோதரர்களுக்கு இரண்டு கவலைகள். ஒன்று சரக்கு, மற்றொன்று கடையின் தோற்றம். சரக்கு விஷயத்தில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நமக்குத் தகுதியில்லை. தோற்றத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம். பாசிர் கூடாங் கடைத்தெருக்களில் பெருநாள்தோறும் தொங்கும் பிளாஸ்டிக் தோரணங்களையும் மினுமினுப்பு மாலைகளையும் யாவரும் பார்த்திருப்பீர்கள். நம் கடையில் தொங்குவதுதான் எதிர்க்கடையிலும் தொங்குகிறது. பெருநாள் கழிந்து பத்து நாளில் இரண்டும் ஒரே குப்பைத் தொட்டியில் சேருகின்றன. மறுவருஷம் மறுபடியும் கல்லாவில் கை வைக்கிறோம்.

இந்தச் செலவு பெரிய செலவல்ல என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு வருஷத்துக்குச் சரிதான். பத்து வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால், வெறுங்கையோடு முடிந்த செலவு அது என்பது தெரியும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. நம் கடைகளில் வேலை செய்கிற தம்பிமார்களில் பலர் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். பெருநாளன்று தாய் தகப்பனைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, மீண்டும் கடைக்குள் திரும்புகிறவர்கள். தறாவீஹ் முடிந்து கடை அடைத்தபின் அரைமணி நேரம் உட்கார்ந்து அவர்களும், முதலாளியின் பிள்ளைகளும் சேர்ந்து தங்கள் கையால் செய்த தோரணம் கடைவாசலில் தொங்குமானால், அந்தப் பெருநாளில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கும். கூலி கொடுத்து வாங்கிய தோரணத்தில் அது இல்லை.

ஆகவே, காசு அதிகம் செலவில்லாமல், கடையில் கிடக்கும் சாமான்களைக் கொண்டே செய்யக்கூடிய சில வேலைகளை இங்கே பாடமாக எழுதுகிறோம். மளிகைக் கடையாயினும், துணிக்கடையாயினும், சாப்பாட்டுக் கடையாயினும் சரி, வியாபாரி வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. சரக்கு வந்த அட்டைப்பெட்டி, பழைய காலண்டர், சீனி வந்த பழுப்புத்தாள் பை, கட்டிவந்த சணல் கயிறு, எல்லாம் பின்கட்டில் கிடக்கின்றன.

காகிதத்துக்கும் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் உள்ள சம்பந்தம் நேற்று வந்ததல்ல. சீனாவில் பிறந்த காகிதத் தொழில் கி.பி. 8-ம் நூற்றாண்டில் சமர்கந்துக்கு வந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாதில் பட்டறை கண்டது. அங்கே காகிதத்தையும் கிதாபுகளையும் விற்பதற்கென்றே தனிக் கடைத்தெரு இருந்தது. நாம் காகிதம் என்று சொல்கிற சொல்லே பாரசீகக் ‘காகஸ்’ என்பதன் வழியில் வந்தது. 500 தாளை ஒரு ரீம் என்று நீங்கள் கொள்முதல் செய்கிறீர்களே, அந்த ‘ரீம்’ அரபியில் கட்டு என்று பொருள்படும் ‘ரிஸ்மா’ என்ற சொல்லிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், உருமாறி, நம் பில் புத்தகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. சரக்கோடு சொல்லும் கப்பலேறுவது வழக்கந்தானே!

இனி வேலைக்கு வருவோம்.

பசை

முதலில் பசை. கடையில் விற்கும் வெள்ளைப் பசை நல்லதே. ஆனால் தோரணத்துக்கு மாவுப்பசை போதும். ஒரு பங்கு கோதுமை மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மொத்தம் நாலு ஐந்து பங்கு தண்ணீர் ஆகும்படி சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளியும்போது இறக்கி, ஒரு சிட்டிகை படிகாரப் பொடி போடுங்கள். படிகாரம் பூசணம் பிடிப்பதைத் தாமதப்படுத்தும். ஆயினும் ஜொகூர் புழுக்கத்தில் இரண்டு நாளுக்குமேல் எந்தப் பசையும் தாங்காது. அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சுவதே நலம். சிலர் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது கூடவே கூடாது. இன்னொரு எச்சரிக்கை: நோன்பு திறக்கும் நேரத்தில் இதை அடுப்பில் ஏற்றாதீர்கள். நோன்புக்கஞ்சி என்று நினைத்து யாராவது கோப்பையோடு வந்து நிற்பார்கள்.

கொடித்தோரணம்

20 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள மெல்லிய வர்ணத்தாள் ஒன்றை, 5 அங்குல அகலமும் 10 அங்குல நீளமுமாக வெட்டினால் 12 கொடிகள் கிடைக்கும். மேலே ஓர் அங்குலத்தை மடித்துச் சணல் நூலின்மேல் பசை தடவி ஒட்ட வேண்டும். கொடிக்குக் கொடி ஓர் அங்குலம் இடைவெளி விட்டால், ஒரு கொடி அரை அடி பிடிக்கும். பத்துத் தாளில் 120 கொடிகள், ஆக 60 அடி. நம் ஊர்க் கடைவீடுகளின் முகப்பு பெரும்பாலும் 20, 22 அடிதான். எனவே பத்தே தாளில் முகப்பில் இரண்டு வரிசை கட்டி, உள்ளேயும் ஒரு வரிசைக்கு மீதி இருக்கும். கொடியின் அடிப்பாகத்தை நேராக விடாமல், தாளை நெடுக்கில் பாதியாக மடித்துச் சாய்வாக ஒரு வெட்டு வெட்டினால் மீன்வால் போல வரும். அது காற்றில் நன்றாக ஆடும்.

சாயம் போகும் தாளை வாசலில் கட்டாதீர்கள். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெருநாள் காலையில் மழை பெய்து, பச்சைத் தண்ணீர் சொட்டி, தொழுகைக்குப் புறப்பட்டவரின் வெள்ளை ஜுப்பாவில் விழுந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வருவாரா?

தோரணத்தில் வருஷத்தை எழுதக் கூடாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். பிறையையும் நட்சத்திரத்தையும் நிரந்தரமாக ஒட்டிவிடாமல் கவ்வியில் மாட்டிவைப்பதும் நல்லது. காரணம் இருக்கிறது. நோன்புப் பெருநாள் ஆங்கிலக் கணக்கில் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகருகிறது. 1996, 1997, 1998-ம் வருஷங்களில் அது சீனப் புத்தாண்டோடு ஒட்டி வந்தது. மக்கள் அதைக் ‘கொங்சி ராயா’ என்றார்கள். 2004 முதல் 2006 வரை தீபாவளியோடு ஒட்டி வந்தபோது ‘தீபராயா’ என்றார்கள். கணக்கின்படி 2029 பிப்ரவரியில் மறுபடியும் சீனப் புத்தாண்டும் நம் பெருநாளும் அடுத்தடுத்து வரவேண்டும். மூன்று இனத்தாரும் வந்துபோகும் கடையில், வெறும் வர்ணக் கொடிகள் எல்லாருக்கும் பொது. அடையாளத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கொடிகள் அப்படியே இருக்கும்.

எட்டுமுனை நட்சத்திரம்

பள்ளிவாசல் சுவர்களிலும் கிதாபுகளின் ஓரங்களிலும் காணும் எட்டுமுனை நட்சத்திரம், ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் வருகிற வடிவம். ஒரே வெட்டில் அதைச் செய்துவிடலாம். பிள்ளைகளுக்கு இது மந்திரம் போலத் தோன்றும்.

9 அங்குலச் சதுரமான மெல்லிய தாளைப் பாதியாக மடியுங்கள். மறுபடி குறுக்கே பாதி. இப்போது சிறு சதுரம் கிடைக்கும். தாளின் நடுப்புள்ளி எந்த மூலையில் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூலை கூர்முனையாக நிற்கும்படி மூலைவாட்டில் மடித்து முக்கோணமாக்குங்கள். அந்த முக்கோணத்தை அதே முனையை வைத்து இன்னொரு முறை பாதியாக மடித்தால், சமோசாவைவிட ஒடுங்கிய கூம்பு வரும். பதினாறு அடுக்கு ஆகிவிடுவதால்தான் மெல்லிய தாள் என்று சொன்னோம். இனி முனையிலிருந்து ஒரு விளிம்பில் 4 அங்குலமும், மற்ற விளிம்பில் 3 அங்குலமும் அளந்து புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்து நேராக ஒரே வெட்டு. பிரித்தால் எட்டு முனை.

இந்த நாலுக்கு மூன்று என்ற அளவுதான் இதன் இரகசியம். இரண்டு சதுரங்களால் ஆகும் நட்சத்திரத்தில் பள்ளத்தின் தூரம் முனையின் தூரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அளவை நாலுக்கு இரண்டாக மாற்றினால் முனைகள் கூர்மையாகி வேறு நட்சத்திரம் வரும். அதுவும் அழகே; ஆனால் பள்ளிவாசல் நட்சத்திரம் ஆகாது. நான்காவது மடிப்பை மறந்துவிட்டால் நாலுமுனைதான் வரும். தம்பிமார் முதல்முறை பெரும்பாலும் அங்கேதான் தவறுவார்கள்.

பிறை

பிறைக்கு 10 அங்குலத் தட்டு ஒன்றும் 8 அங்குலத் தட்டு ஒன்றும் போதும். அட்டையில் பெரிய தட்டை வைத்து வட்டம் போட்டு, சிறிய தட்டை அதன் விளிம்புக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து இரண்டாம் வட்டம் போடுங்கள். இரண்டுக்கும் இடையில் மிஞ்சுவது பிறை. நடுவில் இரண்டரை அங்குலக் கனம் இருக்கும். கொம்புகள் தாமே கூர்மையாகும்.

எந்தப் பக்கம் பார்த்துத் தொங்கவிடுவது என்று கடைக்குக் கடை வாதம் நடக்கும். நம் பாசிர் கூடாங் பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. இந்தப் பக்கத்து வானத்தில் மாலைப்பிறை பெரும்பாலும் தோணி போல, கொம்புகள் மேல்நோக்கி மல்லாந்து கிடக்கும். கொடிகளில் காணும் நிமிர்ந்த பிறை நமக்கு எழுத்துப் பழக்கம். கண்ணால் பார்க்கும் பிறை தோணி. தோணியாகத் தொங்கவிட்டால் நூலும் இரண்டு கொம்பிலும் சமமாகக் கட்டவரும். நட்சத்திரத்தைப் பிறையின் வயிற்றுக்குள் வைக்காமல் சற்று விலக்கி மேலே தொங்கவிடுங்கள். நிலவின் இருண்ட பாகத்துக்குள் நட்சத்திரம் தெரிய வழியில்லை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை எவனாவது கேட்டே தீருவான்.

கெத்துபாட்டும் காசு உறையும்

மலாய்ச் சகோதரர்களின் பெருநாளுக்கு அடையாளம் கெத்துபாட். இளந்தென்னங்குருத்தை முடைந்து, அரிசி இட்டு வேகவைக்கும் பொட்டலம். அதன் உண்மையான முடைச்சலை எழுத்தில் கற்க முடியாது. கடையில் மலாய்ப் பெண்மணி வேலை செய்தால் அவரிடம் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும். அதுவரைக்கும் தட்டையான காகிதக் கெத்துபாட் செய்யலாம். அரை அங்குல அகலத்தில் பச்சைப் பட்டைகளை நெடுக்காக அடுக்கி, மஞ்சள் பட்டைகளைக் குறுக்காக ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நுழைக்க வேண்டும். பத்தமடைப் பாய் முடைகிற குடும்பங்கள் நம்மவர்களிலேயே இருக்க, பாய் முடைவது எப்படியென்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஆறங்குலச் சதுரம் ஆனதும் பின்பக்கம் ஒரு தாளை ஒட்டி, மூலை மேலே வரும்படி திருப்பி, கீழ்மூலையில் இரண்டு பட்டைகளை வாலாகவும் மேல்மூலையில் நூலையும் இணைத்தால் தீர்ந்தது.

பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுக்கும் பச்சை உறை இந்நாட்டில் சீனரின் சிவப்பு உறையைப் பார்த்து வந்த பழக்கம். வங்கிகளும் பெரிய கடைகளும் தங்கள் பெயரை அச்சிட்டு வழங்கியதால் எங்கும் பரவிற்று. சிறிய வியாபாரி அச்சகத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு வெள்ளி நோட்டு 12 செண்டிமீட்டர் நீளம், பத்து வெள்ளி நோட்டு 14 செண்டிமீட்டர். அகலம் இரண்டுக்கும் ஆறரை. பாதியாக மடித்தால் எதுவும் 8 செண்டிமீட்டர் அகலமும் 10 செண்டிமீட்டர் உயரமும் உள்ள உறையில் அடங்கும். அதற்கு வேண்டிய தாள்: அகலத்துக்கு இரண்டு எட்டு, ஒட்டுவதற்கு ஒன்றரை, ஆக 17½, உயரத்துக்குப் பத்து, மூடிக்கு இரண்டு, அடிமடிப்புக்கு ஒன்றரை, ஆக 13½. ஏ-4 தாள் ஒன்றில் இந்த அளவில் இரண்டு வெட்டலாம். பச்சைத்தாள் ஒரு ரீம் வாங்கினால் ஆயிரம் உறை! கடை முத்திரையை மூடியில் ஒரு குத்து குத்தி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, பெருநாள் சாமான் வாங்கும் வாடிக்கையாளருக்குப் பத்துப் பத்து கொடுத்துப் பாருங்கள். பெயர் வீட்டுக்கு வீடு போகும்.

வாவ்

எல்லாவற்றிலும் நமக்கு மிகவும் பிடித்தது வாவ் பட்டம். பாசிர் கூடாங் என்றால் வெளியூரார் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நினைக்கிறார்கள். ஆனால் 1995-ம் வருஷம் முதல் உலகப் பட்டத் திருவிழா நடத்திப் பெயர் வாங்கிய ஊர் இது. பட்டங்களுக்கென்றே காட்சிசாலை அமைந்த ஊர். அப்படியிருக்க, நம் கடைகளில் வேறெந்த ஊரிலும் தொங்குகிற அதே மாலையைத் தொங்கவிடுவானேன்?

வாவ் என்பது மலாய்க்காரரின் பெரும்பட்டம். இறக்கைகளின் வளைவு அரபி எழுத்தான ‘வாவ்’ போலிருப்பதால் அப்பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. கிளந்தானின் வாவ் பூலான் கீழ்ப்பாகத்தில் பிறை வடிவம் கொண்டது. பூலான் என்றால் நிலவு. கெடாவில் ஜாலா பூடி என்றொரு வகை உண்டு. மலேசியா ஏர்லைன்ஸ் விமானத்தின் வாலில் காண்பது வாவ் குச்சிங். 1989-ல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த ஐம்பது காசு உங்கள் கல்லாவில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அதிலும் வாவ் இருக்கிறது.

பறக்கவிடும் வாவுக்கு மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்ட வேண்டும். அது ஆசானிடம் கற்க வேண்டிய தொழில். சுவரில் மாட்டும் வாவுக்கு அட்டைப்பெட்டி போதும். இரண்டடி நீளமுள்ள செய்தித்தாளை நெடுக்கில் மடித்து, மேலே அகன்ற இறக்கையின் பாதி, நடுவே ஒடுங்கிய உடலின் பாதி, கீழே பிறையின் பாதி என்று ஒரு பக்கம் மட்டும் வரைந்து வெட்டினால் இரு பக்கமும் பிசகாமல் ஒத்துவரும். அதை அட்டையில் வைத்து வரைந்து வெட்டி, முழுவதும் கறுப்புத்தாள் ஒட்டுங்கள்.

இனித்தான் உண்மையான கைவேலை. வாவின் அழகெல்லாம் தாளின்மேல் தாளாக ஒட்டும் பூவேலையில் இருக்கிறது. பளபளப்பான வர்ணத்தாளை இரண்டாக மடித்து, கொடியும் இலையும் பூவுமாகப் பாதியை வரைந்து, கூர்மையான சிறு கத்தியால் உள்ளிடங்களை எடுத்துவிட வேண்டும். பிரித்தால் இரு இறக்கைக்கும் ஒரே பூவேலை கிடைக்கும். முதலில் அகலமான உருவம் மஞ்சளில். அதன்மேல் அதையே சற்றுச் சிறிதாக வெட்டிப் பச்சையில். அதற்குமேல் இன்னும் சிறிதாகச் சிவப்பில். ஒவ்வோர் அடுக்கும் அடியிலுள்ளதை ஒரு நூலளவு காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டால் இந்த நூலளவு கெட்டுவிடும். ஓரிரவில் முடிக்க நினைக்காமல், ஓரிரவுக்கு ஓர் அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி வேலை பெரியவர்களுக்கு, ஒட்டும் வேலை பிள்ளைகளுக்கு. இறக்கை நுனிகளில் மெல்லிய தாளைக் குஞ்சமாகக் கீறி ஒட்டினால் விசிறிக் காற்றில் அசையும். நம் துணிக்கடைக்காரர்கள் வெட்டுத்துண்டுகளைக் கொண்டு இதே பூவேலையைச் செய்தால் இன்னும் விசேஷமாயிருக்கும்.

சில எச்சரிக்கைகள்

பழைய காலண்டரையும் செய்தித்தாளையும் வெட்டுமுன் இருபுறமும் பாருங்கள். ஆயத்துகளோ, அல்லாஹ்வின் திருநாமமோ, ஜாவி எழுத்தில் மார்க்க விஷயமோ இருந்தால் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். நம் காலண்டர்களில் இது அடிக்கடி வரும். எண்கள் மட்டுமுள்ள தாளை வைத்துக்கொண்டு மேல்தாளை ஒதுக்கிவிடலாம்.

மலாய்க் கம்பங்களில் நோன்பின் கடைசி இரவுகளில் பெலித்தா என்னும் எண்ணெய் விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். மனத்தைக் கவரும் காட்சி. ஆனால் காகிதத் தோரணம் உள்ள வாசலில் நெருப்பு விளக்கு வைக்கவே கூடாது. தோரணம் காற்றில் எவ்வளவு தூரம் வீசுமோ அதைவிட அதிக தூரம் தள்ளி முற்றத்தில் வையுங்கள். இல்லையேல் பாட்டரியில் எரியும் சிறு மின்விளக்கைக் காகிதக் கூட்டுக்குள் வைத்தால் போதும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ரொட்டிக்கல்லுக்கும் அடுப்புக்கும் மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்த காகிதம் திரி போலப் பற்றும். தீயணைப்புக் குப்பியையும் பின்வாசலையும் தோரணம் மறைக்கக் கூடாது.

வர்ணம் தெளிக்கும் டப்பாக்களும் தின்னரும் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. மிஞ்சியதைக் கால்வாயில் ஊற்றுவது நம்மூரில் யாருக்கும் தகாது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதையும், 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதையும், பிள்ளைகளை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் நாம் மறந்துவிட முடியுமா? பழைய பிளாஸ்டிக் மாலைகளைப் பின்சந்தில் போட்டுக் கொளுத்துகிற பழக்கமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

எடுத்து வைப்பது

ஷவ்வால் பாதியில் இறக்கிவிடலாம். கொடித்தோரணத்தை மடிக்காமல், ஓர் அட்டைத்துண்டில் நூற்கண்டு போலச் சுற்றுங்கள். மறுவருஷம் சிக்கில்லாமல் பிரியும். நட்சத்திரங்களைப் பழைய கணக்குப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வையுங்கள். வாவைச் செய்தித்தாளில் சுற்றி, தரையிலும் சுவரிலும் படாமல், மேல் அலமாரியில் படுக்கவைத்து, நாலைந்து கிராம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் போடுங்கள். பெட்டியின்மேல் எத்தனை கொடி, எத்தனை அடி, யார் செய்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுக்கும்போது தேட வேண்டியிராது.